பூதத்திடம் பேரம் பேசிய ஊர்

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கென்றே ஓர் ஏக்கப் பட்டியல் உண்டு. குண்டும் குழியுமில்லாத சாலை, காஸ்ட்கோ, இலையுதிர் காலத்து மேப்பிள் மரங்கள். என் மனைவிக்கு அங்கிருந்த நூலகம். எனக்கு, சொன்னால் சிரிப்பார்கள், மினியாபொலிஸுக்குத் தெற்கே புளூமிங்டனில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஒரு சாதாரண ஓட்டல். அதுவும் வருடம் முழுக்க இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு மட்டும். நான் இருந்த காலத்தில் அந்த மூன்று நாளும் அங்கே மினிகான் நடக்கும்.

மினிகான் என்பது ஃபேண்டஸி, அறிவியல் புனைகதை வாசகர்கள் கூடும் மாநாடு. மாநாடு என்றதும் பந்தலும் கட்அவுட்டும் மனதில் வந்தால் அவற்றை இப்போதே பிரித்துப் போட்டுவிடுங்கள். சில நூறு பேர், ஓட்டலின் கீழ்த்தளத்தில் நாலைந்து கூடங்கள், மாடியில் சில அறைகள், அவ்வளவுதான். 1968-ல் தொடங்கியது. நடத்துவது மினசோட்டா சயின்ஸ் ஃபிக்‌ஷன் சொசைட்டி. உள்ளூரில் மின்-ஸ்டெஃப் என்பார்கள். சம்பளம் வாங்குகிறவர் என்று அதில் ஒருவரும் கிடையாது. ஈஸ்டரில் வைப்பதற்குப் பக்தி காரணமில்லை. வியாபார விஷயமாக வருகிறவர்கள் அந்த வாரம் ஊர்ப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள், ஓட்டல்காரர்கள் வாடகையைக் குறைப்பார்கள். பனியும் அப்போது முழுதாகப் போயிருக்காது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மண்ணும் உப்பும் கலந்து கறுத்துப்போன குவியல் ஒன்று கிடக்கும். அதைத் தாண்டிக் குதித்து, கண்ணாடிக் கதவைத் தள்ளினால், வரவேற்பறையில் முக்காடு போட்ட மந்திரவாதி ஒருவர் காபி இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

என்னை அங்கே கூட்டிப்போனது அலுவலகத்தில் எனக்கு அடுத்த தடுப்பில் உட்கார்ந்திருந்த டெஸ்டர். பேசாத மனிதர். மதிய உணவின்போது கையில் எப்போதும் பழைய பேப்பர்பேக் இருக்கும். ஒரு நாள் அந்த அட்டையைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் நிறுத்தவில்லை.

முதல் நாள் எனக்குப் பிடிபடாத விஷயம், அங்கே யார் நடத்துகிறவர், யார் பார்க்க வந்தவர் என்பது. எல்லோரும் உறுப்பினர் கட்டணம் கட்டியவர்கள். கருத்தரங்க மேடையில் பேசிவிட்டு இறங்கிய எழுத்தாளர் அடுத்த மணி நேரத்தில் பதிவு மேசையில் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி தூக்க ஆள் போதவில்லை என்று ஒருவர் வந்து சொன்னதும் பக்கத்தில் நின்ற பத்துப் பேர் கிளம்பிப் போனார்கள், என்னையும் இழுத்துக்கொண்டு. எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படியும் ஒவ்வொரு தெருக்காரர்களுடையது. சாமி வரும்போது எவனும் சும்மா நின்று வேடிக்கை பார்க்க முடியாது. அந்த ஓட்டலில் எனக்குப் பழக்கப்பட்ட காற்று அதுதான். அதனால்தான் வந்த முதல் நாளே ஒட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

உணவுக்கென்று ஓர் அறை உண்டு. கான்சூட் என்பார்கள். ஓட்டலின் பெரிய சூட் ஒன்றை எடுத்து, மூன்று நாளும் வருகிறவர்கள் எல்லோருக்கும் இலவசமாக எதையாவது போட்டுக்கொண்டே இருப்பார்கள். மெதுவாக வேகும் சட்டியில் சூப், ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், கேரட் துண்டுகள், எண்ணி மாளாத சிப்ஸ் வகைகள். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, வீட்டில் சுட்ட முறுக்கை ஒரு டப்பா நிறைய எடுத்துப்போனேன். பொறுப்பிலிருந்த அம்மாள் ஓர் அட்டையை நீட்டினார். எந்தப் பண்டமானாலும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி முன்னால் வைக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். அரிசி மாவு, உளுத்தம் மாவு, எள், வெண்ணெய், உப்பு, பெருங்காயம் என்று எழுதி, கோதுமை இல்லை என்று கீழே பெருமையாகக் கோடும் போட்டேன். அவர் பெருங்காயத்தில் விரலை வைத்து, இது எப்படி வருகிறது, தூளாகவா, கட்டியாகவா என்று கேட்டார். வீட்டுக்குப் போன் போட்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினைவிட மாவுதான் அதிகம்; எங்கள் வீட்டு டப்பாவில் இருந்தது கோதுமை மாவு. காலமெல்லாம் பெருங்காயம் தின்று வளர்ந்த எனக்குத் தெரியாதது, மினசோட்டாவில் பிறந்த அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அட்டை மாறியது. முறுக்கு அரை மணி நேரத்தில் காலி.

இத்தனை சின்னதாக இருக்கிறதே, கூட்டம் வராமல் தேய்ந்துபோனதோ என்று ஆரம்பத்தில் நானும் பரிதாபப்பட்டேன். பிறகுதான் கதை தெரிந்தது. 1990-களில் மினிகானுக்கு மூவாயிரத்துக்கு மேல் கூட்டம் வந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் பலர் கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள். புத்தகம் பேச வந்தவர்களுக்குப் பேச இடமில்லை, வேலை செய்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. கடைசியில், 1999-ல், தாங்களாகவே சுருக்கிக்கொண்டார்கள். பழைய வாசகர் கூட்டமாகத் திரும்புவோம் என்று முடிவு. பெரிய சண்டை. விலகிப்போனவர்கள் அதே 1999-ல் மார்ஸ்கான், கன்வெர்ஜென்ஸ் என்று வேறு மாநாடுகளைத் தொடங்கினார்கள். கன்வெர்ஜென்ஸ் பல ஆயிரம் பேர் வரும் விழாவாக வளர்ந்துவிட்டது. நான் அதற்கும் போயிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரியத்தை, கூட்டமும் பணமும் வந்துகொண்டிருக்கும்போதே, போதும் என்று நிறுத்திக் குறைத்துக்கொண்டவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் அங்கே சிலர் சண்டை போடுகிறார்கள். ஓட்டல் பாரில் அந்தச் சண்டையைக் கேட்பதே தனி ருசி.

ஓவியக் கூடத்தில்தான் எனக்கு அதிக நேரம் போகும். கம்பி வலைத் தட்டிகளை வரிசையாக நிறுத்தி, கொக்கி போட்டுப் படங்களை மாட்டியிருப்பார்கள். புத்தக அட்டைகளுக்கு வரைந்து பெயர் பெற்றவரின் எண்ணெய் ஓவியம் ஒரு தட்டியில் என்றால், பக்கத்துத் தட்டியில் பள்ளி ஆசிரியை ஒருவர் கம்பளி நாரைக் குத்திக் குத்திச் செய்த குட்டி டிராகன்கள். தோல் முகமூடிகள், இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய கழுத்தணிகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாள் தொங்கும். ஓவியர் பெயர், படத்தின் பெயர், எதனால் வரைந்தது, குறைந்தபட்ச விலை. வேண்டுமென்றால் உங்கள் எண்ணையும் தொகையையும் எழுதிவிட்டுப் போகலாம். அடுத்தவர் அதற்கு மேல் எழுதுவார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போட்டி வந்துவிட்டால் வாய்விட்டுக் கூவும் ஏலத்துக்குப் போகும்.

உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவில் ஒரு நீர்வண்ணப் படம். கொட்டும் பனியில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே ஒரு டிராகன், காலர் வரை மூடிய கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூக்கிலிருந்து வரும் ஆவியில் அதன் முன்னால் மட்டும் ஒரு வட்டத்துக்குப் பனி உருகியிருக்கிறது. குறைந்த விலை முப்பது டாலர். நான் முப்பத்திரண்டு எழுதினேன். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்து பார்த்தால் முப்பத்திமூன்று. நான் முப்பத்தைந்து. சாப்பிட்டுவிட்டு வந்தால் முப்பத்தாறு, குண்டு குண்டான எழுத்தில். மறுநாள் காலையில் எதிராளியைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதிருக்கும், கண்ணாடி போட்ட பெண் குழந்தை. ஓவியர் அவள் பக்கத்தில் நின்று, அந்தப் பனிக்கு வெள்ளை வண்ணமே தொடவில்லை, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே கல்லுப்பைத் தூவிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்பு ஈரத்தை இழுக்கும், இழுத்த இடம் வெளுத்து நட்சத்திரமாக நிற்கும், காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட வேண்டியதுதான். அந்தப் பெண் மூக்கு தாளில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து ஐம்பது என்று எழுதினாள். குழந்தைக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நான் மனதில் வைத்திருந்தது நாற்பத்தைந்து.

பேச்சரங்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சில நன்றாக இருக்கும், சில வளவளவென்று போகும். எதுவானாலும் முன்வரிசையில் நாலைந்து பேர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார்கள், பின்னிக்கொண்டே தலை நிமிராமல் கேள்வியும் கேட்பார்கள். அந்த ஊருக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. கிளிஃபர்ட் சிமாக் மினியாபொலிஸ் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதியவர். எம்மா புல் தன் நாவலில் மினியாபொலிஸ் நகரத்துக்குள்ளேயே தேவதைகளின் போரை நடத்தினார். மினிஹாஹா அருவியில் சண்டை நடக்கும். 1987-ல் வந்த புத்தகம். அதைப் படித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்க்கப் போகும் அந்த அருவியை நான் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அவரும் இன்னொரு ஃபேண்டஸி எழுத்தாளரான ஸ்டீவன் பிரஸ்ட்டும் சேர்ந்து முன்பு நடத்திய கேட்ஸ் லாஃபிங் என்ற பாட்டுக்குழு, 2015-ல் ஐம்பதாவது மினிகானுக்காக மறுபடி கூடிப் பாடியது. அந்த ஒரு வருடம் மட்டும் வழக்கத்தைவிடக் கூட்டம்.

பாட்டு என்றால் மேடைப் பாட்டு மட்டும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது ஓர் அறையில் கிட்டார்களோடு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். முறை சுற்றி வரும். வந்தால் நீங்கள் பாடலாம், இன்னார் பாடட்டும் என்று கேட்கலாம், இல்லையென்றால் பாஸ் சொல்லலாம். குரல் நடுங்கும், சுருதி சேராது. யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நான் எப்போதும் பாஸ்.

ஆனால் நான் ஏங்குவது விளையாட்டு அறைக்கு.

அங்கே ஆடும் விளையாட்டுக்கும் அந்த ஊருக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. 1969-ல் மினியாபொலிஸும் செயின்ட் பாலும் சேர்ந்த இரட்டை நகரத்தைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டில் ஒரு மாற்றம் செய்தார். ஆளுக்கொரு படையைக் கொடுப்பதற்குப் பதில் ஆளுக்கொரு மனிதனைக் கொடுத்தார். நீ மேயர், நீ பல்கலைக்கழக வேந்தர், இனி உங்கள் சாமர்த்தியம் என்று விட்டுவிட்டார். அதை ஆடிப் பார்த்த செயின்ட் பாலைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன், மேயரை எடுத்துவிட்டுக் கோட்டையையும் பாதாளச் சுரங்கத்தையும் பூதங்களையும் வைத்தார். பிளாக்மூர் என்று பெயரிட்டார். அதை விஸ்கான்சினிலிருந்த கேரி கைகாக்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட, இருவருமாகச் சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று வெளியிட்டார்கள். முதல் பதிப்பு ஆயிரம் பெட்டிகள். இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள். மினிகான் விளையாட்டு அறையில் நரைத்த தாடிக்காரர் எவரிடமாவது பேச்சுக் கொடுத்தால், அந்தக் காலத்து மேசை ஏதாவதொன்றில் உட்கார்ந்த கதை வரும்.

இன்னொரு கதையும் வரும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய இயல் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர் என்ற பேராசிரியர், உருதுப் பாடநூல் எழுதியவர், டெக்குமெல் என்று ஓர் உலகத்தையே மொழிகளோடும் கோயில்களோடும் உண்டாக்கி 1975-ல் விளையாட்டாகக் கொண்டுவந்தார். எல்லோரும் ஐரோப்பியக் கோட்டை கொத்தளம் என்று போய்க்கொண்டிருந்தபோது, குலமும் கோத்திரமும் உள்ள ஓர் உலகம். அவர் வீட்டு மேசையில் ஆடியதாகச் சொன்ன ஒரு பெரியவர், ஆறு கடவுளர் பெயரை என்னிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நான் சொக்கிப்போனேன். 2022-ல், நான் ஊர் வந்த பிறகு, அந்தப் பேராசிரியர் 1991-ல் புனைபெயரில் நாஜிகளுக்கு வக்காலத்து வாங்கும் நாவல் ஒன்றை எழுதியிருந்தார் என்பதை அவர் படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. அந்தப் பெரியவரைத்தான் உடனே நினைத்தேன். பழைய இடத்தை நினைத்து உருகும்போது இதையும் சேர்த்துத்தான் உருக வேண்டியிருக்கிறது.

நான் ஆடிய மேசையை நடத்தியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். டன்ஜன் மாஸ்டர் என்றால் குரலை ஏற்றி இறக்கி நாடகமாடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் முகவரி வாசிப்பது போலத்தான் பேசுவார். ஆனால் அவர் கையால் வரைந்த வரைபடத்தில் ஒவ்வொரு குடிசைக்கும் கதவிலக்கம் இருக்கும். ஒரு பாத்திரத்தை உருவாக்கு என்றார். முனியன் என்று பெயர் வைத்தேன். எங்கள் தாத்தா ஊர் எல்லையில் நிற்கிற சாமி. கையில் அரிவாள். அதற்கு எந்த ஆயுதத்தின் கணக்கைச் சேர்ப்பது என்று மேசையே ஐந்து நிமிடம் விவாதித்துக் கடைசியில் கோடரிக்கு உண்டான கணக்கைக் கொடுத்தார்கள். அவர்கள் வாயில் அவன் மூனியன் ஆனான்.

சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு பாலம். பாலத்தில் ஒரு பூதம். தலைக்குப் பத்துப் பொற்காசு சுங்கம் கேட்கிறது. மேசையில் மற்ற நால்வரும் வாளை உருவிவிட்டார்கள், மந்திரக்காரர் தீப்பந்து எறியத் தயார். எனக்கு அது தோன்றவே இல்லை. பத்தா, அநியாயமாக இருக்கிறதே, இரண்டு வாங்கிக்கொள் என்றான் முனியன். தபால்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பூதமாக மாறி, ஒன்பது என்றார். பாலத்தில் மூன்றாவது பலகை உளுத்திருக்கிறது, இதற்கு ஒன்பதா? திரும்பி வரும்போதும் இந்த வழிதான், போகவர சேர்த்துச் சொல். ஐந்து பேர் வந்திருக்கிறோம், மொத்தமாக வாங்கினால் குறைக்க மாட்டாயா? முக்கால் மணி நேரம் போனது. பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். கடைசியில் அவர் பகடையைத் தள்ளினார். இருபது முகப் பகடை. பதினைந்துக்கு மேல் விழ வேண்டும். உருட்டினேன். பத்தொன்பது. ஐந்து பேருக்குமாகச் சேர்த்துப் பன்னிரண்டு காசு, திரும்பி வருவது இலவசம். அந்த அறையில் எழுந்த கூச்சல் போல என் பதவி உயர்வுக்குக்கூட யாரும் கத்தவில்லை.

நாற்பது வயது மனிதன், வீட்டுக் கடனும் விசா கவலையும் உள்ளவன், ஒரு பூதத்தோடு பலகை உளுத்ததைப் பற்றி வாதாடுகிறான். அதை மற்ற பெரியவர்கள் காரியமாகக் கேட்கிறார்கள். இதனால் யாருக்கும் பரிசு இல்லை, பட்டம் இல்லை, வேலைக்கான தகுதிக் குறிப்பில் சேர்க்க முடியாது. இது எனக்கு இங்கே, சென்னையில், கிடைக்கவில்லை.

இங்கே எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தபோது மகளைக் கூட்டிப்போனேன். ஃபோம் அட்டையை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, கவசம் செய்து போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளின் கைத்திறனைப் பார்த்து அசந்துபோனேன். மகளுக்கு ஒரே குதூகலம். ஆனால் அது கடைவீதி. நடந்து, பார்த்து, வாங்கி, படம் எடுத்துக்கொண்டு வரலாம். உட்கார இடமில்லை. போர்டு கேம் ஆடும் இளைஞர்கள் சிலரிடம், அறுபது எழுபது பேருக்கு இரண்டு நாள் கூட்டம் ஒன்று போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்பான்சர் யார் சார், பரிசுத் தொகை எவ்வளவு சார் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மண்டப வாடகை அப்படி. ஊர்த் திருவிழாவுக்கு வரி போட்டால் கொடுக்கிற தெரு, இதற்குக் கொடுக்காது.

விட்டுவந்த இடமும் அப்படியே நிற்கவில்லை. மாநாடு இல்லாத மாதங்களில் நான் போய் உட்காரும் அங்கிள் ஹ்யூகோஸ் புத்தகக் கடை, 1974-லிருந்து இருந்தது, 2020 மே மாதக் கடைசியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்த கலவரத்தில் எரிந்துபோனது. சென்னையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். செங்கல் சுவருக்கு உள்ளே ஒன்றுமில்லை. 2022-ல் வேறிடத்தில் கடையை மறுபடி திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, போகாத கடைக்காக இங்கே வீட்டில் பாயசம் வைத்தோம்.

மினிகானில் ஒரு வழக்கம். அடுத்த வருடத்துக்கான கட்டணத்தை ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிட்டால் மலிவு. கடைசி முறையும் பழக்கதோஷத்தில் கட்டிவிட்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு முடியாமல் போக, மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. உறுப்பினர் சீட்டை அந்த டெஸ்டரின் மகன் பேருக்கு மாற்றிக் கொடுத்தேன். முனியனின் தாளைத் தபால்காரரே வைத்துக்கொண்டார்.

பையன் இப்போது கல்லூரி முடித்துவிட்டான். வருடா வருடம் ஈஸ்டர் திங்கட்கிழமை அவனிடமிருந்து நீளமான செய்தி வரும்: யார் வந்தார்கள், யார் வரவில்லை, கான்சூட்டில் என்ன சூப். போன தடவை வந்ததில் ஒரு புகார். அந்தச் சதுப்பு நிலப் பாலத்துக்குப் பக்கத்தில் தபால்காரர் ஒரு சத்திரம் வைத்திருக்கிறாராம். வேறு தங்குமிடம் கிடையாது. சத்திரக்காரன் பெயர் மூனியன். அரிவாளைச் சுவரில் மாட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறானாம். ஓர் இரவுக்கு எட்டுப் பொற்காசு கேட்கிறான், எவ்வளவு கெஞ்சினாலும் குறைக்க மாட்டேன் என்கிறான், எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்டிருந்தான்.

கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பார், எங்கே ஒழுகினாலும் அங்கிருந்து ஆரம்பி என்று பதில் போட்டேன். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க மனமில்லை. எட்டு நியாயமான விலைதான்.